கரண்டிச் சத்தத்துக்கு வரும் கெண்டைகள்

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்னை இன்றைக்கும் "மீன் பிடிக்கத் தெரியாத மீன் சேர்" என்றுதான் சொல்கிறார்களாம். சொல்லட்டும். வாழ்நாளில் பாதியை நன்னீர் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தியே கழித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் கிடைத்திருக்காது.

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வலையை எப்படி இழுப்பது, மீனை எப்படி அளப்பது, தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது உங்கள் கையிலிருக்கும் கருவிகளில் பாதிக்கு எது மேல் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. ஆகவே கருவி எதுவும் உதவாமல் போன ஒரு பகலைப் பற்றி எழுதுகிறேன். அன்று நான் எடுத்த முடிவுகளில் சில சரியானவை. ஒன்று படு முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை, அது தானாகவே எழும்பி வந்து கைகாட்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முந்தைய கதை இது. யோகேஸ்வரி என்றொரு இறுதி வருட மாணவி என்னிடம் ஆய்வு செய்தாள். எல்லோருக்கும் யோகா. ரத்தோட்டைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்துப் பிள்ளை. குரல் சின்னது, பிடிவாதம் பெரியது. தொட்டியில் வளரும் கெண்டை மீன் ஒரு சத்தத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பழகுமா, பழகினால் எவ்வளவு காலம் மறக்காமல் இருக்கும் என்பது அவளுடைய கேள்வி.

சத்தம் எழுப்ப ஒரு மின்கருவி கேட்டு விண்ணப்பித்தோம். அது வந்து சேருவதற்குள் மீன்களெல்லாம் கிழடாகிவிடும் போலிருந்தது. பொறுத்துப் பார்த்த யோகா, ஒருநாள் என் மேசையிலிருந்த டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டு போய், தொட்டித் தண்ணீருக்குள் பாதி அமிழ்த்திப் பிடித்து, டீக் கரண்டியால் தட்டத் தொடங்கிவிட்டாள். டிங், டிங், டிங். பிறகு தீனி. மறுபடி டிங், டிங், டிங். மறுபடி தீனி. சில வாரங்களில், கரண்டி கண்ணாடியில் பட்டதும் தொட்டியின் எந்த மூலையில் இருந்தாலும் மீன்கள் பாய்ந்து வந்தன. ஆய்வறிக்கையில் அந்த டீ கிளாஸுக்கு "கண்ணாடி ஒலியெழுப்பி" என்று பெயர் சூட்டியது நான். அன்றிலிருந்து நான் டீ குடித்தது ஆய்வுகூடத்து முகவையில். அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் குடிப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

மீன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல் நீளக் கெண்டைகள், பதினான்கு. உடம்பில் இரண்டு கறுப்புப் பொட்டு, நீந்தும் செட்டை நல்ல சிவப்பு. நாட்டின் தென்மேற்கே ஓடும் ஓர் ஆற்றிலிருந்து அனுமதி பெற்றுக் கொண்டுவந்தவை. வெளிநாட்டு மீன் அல்ல, இலங்கைக்கே உரிய மீன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முடிந்தது. முடிந்த பிறகு மீன்கள் எந்த இயற்கை நீருக்கும் போகக் கூடாது என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. அப்படியானால் வழக்கமாக என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கிராம்பு எண்ணெய். மாத்தளைப் பக்கத்து வீடுகளில் பல்வலிக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். தண்ணீரில் கொஞ்சம் விட்டால் மீன் மயங்கும், கூட விட்டால் எழும்பாது. வலி இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் போத்தலை யோகாவின் மேசையில் வைத்துவிட்டு, நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை நான் வரும்போது என் அறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே போத்தல். மூடி திறக்கப்படவே இல்லை.

"சேர், நான் ஒரு வேல பண்ணிட்டேன்."

"நல்ல வேலையா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான் சேர் பண்ணேன்."

இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். நம் தொழிலில் நான் பார்த்த பெரிய நாசங்கள் எல்லாமே யாரோ நல்லது என்று நினைத்துச் செய்தவை.

மீன்களைக் கொல்ல அவளுக்குக் கை வரவில்லை. கடைக்காரர்கள் அலங்கார மீன் விற்பது போல, காற்றடைத்த பொலித்தீன் பையில் பதினான்கையும் போட்டுக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறியிருக்கிறாள்.

"ரத்தோட்ட பஸ்ல கொண்டக்டர் கேட்டாரு சேர், 'என்ன தங்கச்சி, கொழம்புக்கா பொரியலுக்கா'ன்னு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அழுதுட்டு?"

"எங்க லயத்து வீட்டு வரிசைக்கு மேல, தண்ணி பிடிக்கிற பீலி இருக்கில்ல சேர், அதுக்குக் கீழ ஒரு குட்டை. அதுல விட்டுட்டேன். வெளிநாட்டு மீன விடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க. இது நம்ம நாட்டு மீன்தானே, நம்ம நாட்டு ஓடையில இருந்தா என்னன்னு..."

"பிறகு?"

"நேத்து தண்ணி எடுக்கப் போனேன். அந்தக் குட்டையில மஞ்சச் செட்டை மீன் இருக்கு சேர், சின்ன வயசுல இருந்து பாத்த மீன். நம்ம செவப்புச் செட்டை அதுங்க பின்னாலயே சுத்துது. ஒண்ணுக்கு ஒண்ணு ஒரசிக்கிட்டுப் போகுது." அவள் குரல் இன்னும் சின்னதாயிற்று. "அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு."

எனக்கும் விளங்கியது. அந்த மஞ்சள் செட்டை, எங்கள் சிவப்புச் செட்டையின் நெருங்கிய சொந்தம். நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் சில ஓடைகளில் மட்டும், நீர்வீழ்ச்சிகளுக்கு மேலே, யாரோடும் கலக்காமல் வாழ்வது. இரண்டும் கலந்தால் குஞ்சு பொரிக்கும். சண்டை இல்லை, பிணம் இல்லை, ஒரு மீனும் வயிறு மேலே தெரிய மிதக்காது. கொஞ்ச காலத்தில் ஓடை முழுக்கச் சிவப்பும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒன்று நீந்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஓர் இனம் விஷம் குடித்துத்தான் சாக வேண்டும் என்றில்லை. கல்யாணம் பேசியும் அழியும்.

வாயில் நல்ல நல்ல வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. மாத்தளை பஸ் நிலையத்தில் கற்றவை. எல்லாவற்றையும் விழுங்கினேன். என் பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள், அது வெறும் கணக்கு. அந்தப் பிள்ளை வாயே திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சில வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த ஓடையில் செம்மஞ்சள் செட்டையுள்ள மீனைப் பிடித்து, புதிய இனம் கண்டுபிடித்தேன் என்று ஊரைக் கூட்டியிருப்பார். அந்த ஒருவர் நானாகவே இருந்திருக்கவும் கூடும். தானாக வந்து சொல்கிறவர் மேல் நீங்கள் பாய்ந்தால், அடுத்தவர் வரவே மாட்டார். அடுத்தவர் கொண்டுவரும் செய்தி இதைவிடப் பெரியதாக இருக்கும்.

"சேர், என் டிகிரி போயிருமா?"

"தெரியாது," என்றேன். அதுதான் உண்மை. அவளை உட்கார வைத்து, அவள் முன்னாலேயே துறைத் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் மீனைப் பிடித்துவிட்டு அப்புறம் சொல்லலாமே என்று உள்ளே ஒரு குரல் ஆலோசனை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் குரல் உங்களுக்குள்ளும் இருக்கும். அதற்குச் சம்பளம் கொடுக்காதீர்கள்.

தலைவி முழுவதையும் கேட்டார். பேச்சில் சர்க்கரை சேர்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "பதினான்கையும் கொண்டுவாருங்கள். எல்லாம் வந்தால் அந்தப் பிள்ளையோடு நான் பேசுவது ஒரு மாதிரி இருக்கும். ஓடையில் மிச்சம் இருந்தால் வேறு மாதிரி இருக்கும். அப்போது விஷயம் பல்கலைக்கழகப் பீடம் வரைக்கும் போகும்."

போத்தலை யோகாவிடமிருந்து வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். வேன் புறப்பட்டது.

ஓட்டியவர் சுனில். துறையின் வேனை ஓட்டி ஓட்டி எங்களையெல்லாம்விட அதிகமான களங்களைப் பார்த்தவர். மாத்தளைச் சந்தையில் பழகிய தமிழ் அவருடையது. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் பின்னால் இருந்த யோகாவை ஒரு தடவை பார்த்தார்.

"பதினாலு மீனுக்கு ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு பெரிய சேர்," என்றார். "அந்த மீன் குடுத்து வச்சது."

பிறகு மலைப் பக்கம் தாடையைக் காட்டினார். "ஆனா சேர், பகலைக்குப் பிறகு மழ வரும்."

அதுதான் என் பயமும். வறட்சியின் கடைசி நாட்கள். ஓடை வற்றி, குட்டை குட்டையாக நின்றது. அதனால்தான் மீன்கள் இன்னும் அந்த ஒரே குட்டைக்குள் இருந்தன. முதல் மழை விழுந்தால் குட்டை நிரம்பி வழியும், சிவப்புச் செட்டைகள் கீழே போய்விடும். அதற்குப் பிறகு வலையல்ல, பொலிஸ் போட்டாலும் பிடிக்க முடியாது.

குட்டை ஒரு லொறி நிற்கிற அகலம். சுற்றிலும் பாறை, பாறைக்கடியில் பொந்து. மேலே பீலியில் இரண்டு மூன்று பெண்கள் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வரும் ரப்பர் கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு, வருகிற வழியில் மனதில் வரைந்த திட்டத்தோடு நான் இறங்கினேன். இழுவை வலை போட்டோம். மஞ்சள் செட்டைகள், இலைச்சருகு, ஒரு நண்டு, ஒற்றைச் செருப்பு. மறுபடி போட்டோம். அதே நண்டு. கைவலையால் பொந்துகளில் துழாவினோம். ரொட்டித் துண்டு வைத்துப் பொறி போட்டோம். சிவப்பு ஒன்றுகூட இல்லை. நாங்கள் கலக்கிய கலக்கலில் எல்லாம் பாறைக்கடியில் போய் ஒளிந்துகொண்டன.

பீலிப் பக்கமிருந்து விமர்சனம் வந்துகொண்டே இருந்தது.

"சேர், மீன் வேணும்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. டவுன்லயிருந்து சாளை வாங்கியாந்து குடுத்திருப்போம்."

"இம்புட்டு வலைக்கு இம்புட்டூண்டு மீனா?"

"படிச்சவங்க சாப்பாடு கொஞ்சம்தான்டி."

"மூணாந் தடவையும் அந்த நண்டுதான் வருது. அதுக்கு ஒரு பேரு வச்சிருங்க சேர்."

நான் சிரித்தபடியே வலையை இழுத்தேன். களத்தில் கேலி செய்கிறார்கள் என்றால் உங்களை ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். பேச்சை நிறுத்திவிட்டு உற்றுப் பார்க்கத் தொடங்கினால்தான் பயப்பட வேண்டும்.

பகல் ஆயிற்று. மலை உச்சியிலிருந்து மேகம் கருத்து இறங்கிக்கொண்டிருந்தது. யோகாவின் அம்மா அன்று கொழுந்தெடுக்கப் போகாமல் நின்றிருந்தார். மகள் செய்ததைக் கேட்டதிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. எங்களோடு பேசினார். தட்டத்தில் டீ கொண்டுவந்தார், வந்தவர்களுக்கென்று எடுத்து வைக்கும் கண்ணாடிக் கிளாஸ்களில். பாறையில் உட்கார்ந்து குடித்தோம். நான் மனதுக்குள் தலைவியிடம் சொல்லப்போகும் வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே நன்றாக இல்லை.

யோகாவின் அம்மா வெறும் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு குட்டையின் ஓரத்தில் கழுவக் குந்தினார். கரண்டியும் கிளாஸும் தண்ணீருக்குள் உரசிக் கிணுகிணுத்தன.

"ஐயோ! அடியே யோகா! இங்க ஓடியா! கருமம் புடிச்ச மீனுங்க என் கையக் கொத்துதுடி!"

ஓடினோம். அவர் விரல்களைச் சுற்றி நான்கைந்து சிவப்புச் செட்டைகள், வாயைப் பிளந்தபடி மேலே பார்த்துக்கொண்டு, "எங்கே எங்கள் சாப்பாடு?" என்று நின்றன.

யோகா என்னைப் பார்த்தாள். நான் யோகாவைப் பார்த்தேன்.

இதோ, நான் சொன்ன முட்டாள்தனம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் அந்த மீன்களுக்கு ஒரு சத்தத்தைப் பழக்கினோம். அது வேலை செய்கிறது என்று அளந்தோம், வரைபடம் போட்டோம். "கற்றல் ஐயத்துக்கிடமின்றி நிகழ்ந்துள்ளது" என்று நானே திருத்தி எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பிறகு, மீன் வேண்டும் என்ற அவசரம் வந்ததும், ஆய்வையெல்லாம் மேசையில் வைத்துவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு துரத்தியிருக்கிறோம். எங்கள் ஆய்வை உலகத்தில் நம்பாத இரண்டு பேர் நாங்கள்தான். மீன்கள் நம்பியிருந்தன.

உங்களுக்கும் இது நடக்கும். தாளில் இருக்கும் அறிவு தாளுக்கு, களத்துக்கு வேறு ஏதோ வேண்டும் என்று அவசர நேரத்தில் தோன்றும். அந்த நேரத்தில் ஒரு மூச்சு நின்று, "எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?" என்று கேட்டுப்பாருங்கள். டீ கிளாஸ் கழுவ ஆள் எப்போதும் கிடைக்காது.

யோகா கிளாஸையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கிளாஸைப் பாதி அமிழ்த்தினாள். டிங், டிங், டிங். பாறைக்கடியிலிருந்து சிவப்பு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. நான் வாளியைத் தண்ணீருக்குள் சரித்துப் பிடித்தேன். அவள் வாளிக்குள் தட்டினாள், மீன் வாளிக்குள் போயிற்று. இதைவிட மரியாதையான மீன்பிடியை நான் கண்டதில்லை. என்ன கூத்து என்று பார்க்க மஞ்சள் செட்டைகளும் பின்னாலேயே வந்தன. அவற்றைக் கையால் தள்ளித் திருப்பி அனுப்பினோம்.

பாதி வந்திருக்கும். யோகாவின் கை நின்றுவிட்டது.

"கூப்பிட்டா வருதுங்க சேர்."

"ஆமா."

"சாப்பாடு குடுப்பேன்னு நம்பி வருதுங்க. வாளியில ஏத்துனதும் கிராம்பெண்ணெய்தானே?"

மலையில் இடித்தது. கரையில் நின்ற சுனில் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அதற்குப் பொருள். மிக எளிது. ஒரு பொய், மிச்ச மீனும் வாளிக்குள். அந்தப் பிள்ளை தன் மீன்களை ஒரு சத்தத்தால் வரவழைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அவளை ஒரு சத்தத்தால் வரவழைக்கலாம். அது முடியும் என்பதாலேயே அதைச் செய்யக் கூடாது என்று பட்டது.

"எனக்குத் தெரியாது யோகா. அது நான் தனியா முடிவு பண்ற விஷயம் இல்ல. கொல்லணும்னு சொன்னா நானே செய்வேன், ஒன்னயச் செய்யச் சொல்ல மாட்டேன். வேற வழி இருக்கான்னு கேப்பேன், சத்தமாவே கேப்பேன். இதுக்கு மேல குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல." அவள் காலடியில் சுற்றிய மஞ்சள் செட்டைகளைக் காட்டினேன். "இதுங்களுக்கு நாம ஒரு சத்தமும் பழக்கல. கலந்துட்டா, நாளைக்கு இதுங்களக் கூப்பிட்டுப் பிரிச்சு எடுக்க முடியாது."

அவள் அசையவில்லை. அப்போதுதான் அவள் அம்மா அன்று முதல் தடவையாக மகளிடம் பேசினார்.

"ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? கொண்டாந்து விட்டவ நீ. பாதியக் கூட்டிக்கிட்டு பாதிய உட்டுட்டா மட்டும் அதுங்க ஒன்னய வாழ்த்துமா? வந்து எடு."

யோகா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்த பையிலிருந்து மிச்சத் தீனி டப்பாவை எடுத்தாள்.

"தீனி போட்டுத்தான் கூப்பிடுவேன் சேர். வெறுங்கையோட கூப்பிட மாட்டேன்."

"போடு."

வாளிக்குள் ஒரு சிட்டிகை தூவிவிட்டு மறுபடி தட்டினாள். பதினொன்று. பன்னிரண்டு. முதல் துளிகள் தண்ணீரில் விழுந்தன. பதின்மூன்று. கடைசிச் செட்டை பாறை ஓரத்தில் தெரிந்தது, வருவதா வேண்டாமா என்று. மழைச் சத்தத்தில் கரண்டிச் சத்தம் கரைந்துவிட்டது. என் பொறுமை அங்கேதான் முடிந்தது. கைவலையோடு பாய்ந்தேன். பாசிப் பாறையில் கால் போயிற்று. சத்தமாக, முழுதாக, குட்டைக்குள் உட்கார்ந்தேன்.

"போச்சு! மீன் சேர் மீனாவே போயிட்டாரு!" பீலிப் பக்கம் குலுங்கியது.

எழும்பிப் பார்த்தபோது மீனைக் காணவில்லை. தண்ணீர் நிறம் மாறியிருந்தது. மேலேயிருந்து பழுப்பாக ஒரு கோடு குட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இந்த மலை ஓடைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கோடு என்ன என்று தெரியும். இங்கே தூறுகிறது என்றால் மேலே ஏற்கெனவே கொட்டிவிட்டது.

"யோகா, ஏறு."

"இன்னும் ஒண்ணு சேர். ஒரே ஒண்ணு."

"ஏறு."

"ஒண்ணு இருந்தாலும் கலந்துரும் சேர், ஒங்களுக்குத் தெரியாதா? என் டிகிரி..."

"ஏறு மேல!"

என்னிடமிருந்து அப்படியொரு குரல் வரும் என்று எனக்கே தெரியாது. அவள் ஏறிவிட்டாள். வாளியைச் சுனில் தூக்கிக்கொண்டார். லயத்துத் தாழ்வாரத்தை அடைந்து திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் டீ குடித்த பாறை தண்ணீருக்குள் போயிருந்தது. யோகா நின்ற இடத்தில் ஒரு மரக்கிளை சுழன்றுகொண்டிருந்தது. மீனை விட்டு ஆளை எடுத்த அந்த முடிவுக்காக நான் ஒரு நொடியும் யோசித்ததில்லை, இன்றுவரை வருந்தியதும் இல்லை. நீங்களும் யோசிக்க வேண்டாம்.

வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, நனைந்த கையோடு தலைவியை அழைத்தேன்.

"மெடம், பதின்மூன்று இருக்கிறது. ஒன்று போய்விட்டது. ஓடை பெருகிவிட்டது."

"பிள்ளை?"

"வேனில்தான் இருக்கிறாள்."

"சரி. வாருங்கள்," என்றார்.

யோகா வாளியை முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒன்று போதும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வலது பாதத்தில் ஏதோ குறுகுறுத்துக்கொண்டிருந்தது. வயதானால் கால் குறுகுறுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆகவே அதையும் வயதின் கணக்கில் எழுதினேன்.

"சேர்," என்றார் சுனில், "சப்பாத்துத் தண்ணிய வெளிய ஊத்துங்க. என் வேனும் ஓடையாயிரும்."

கதவைத் திறந்து, வலது கம்பூட்ஸைக் கழற்றி, மழைநீர் ஓடும் வழியோரக் கானுக்கு மேலே சரித்தேன்.

"சேர்! சேர்! ஊத்தாதீங்க!"

யோகா என் கையைப் பிடித்துவிட்டாள். கம்பூட்ஸின் விளிம்பில் ஒரு சிவப்புச் செட்டை படபடத்தது. இன்னும் கொஞ்சம் சரித்திருந்தால் கான் வழியாக நேரே ஓடைக்கே போயிருக்கும். கம்பூட்ஸ் தண்ணீரையெல்லாம் வாளிக்குள் ஊற்றினோம். பதினான்காவது கெண்டை, என் காலுறையின் வாசனையால் சற்றுத் தள்ளாடி, பிறகு மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. சுனில் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். யோகா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது.

மறுபடி அழைத்தேன். "மெடம், பதினான்கும் இருக்கிறது."

"எப்படி?"

"நேரில் சொல்கிறேன்."

அறிக்கையில் "இறுதி மீன் கையால் பிடிக்கப்பட்டது" என்று எழுதினேன். யோகா "கை"யை வெட்டி "கால்" என்று திருத்தினாள். அப்படியே அனுப்பினோம்.

தலைவி அவளோடு பேசினார், ஒரு மாதிரியாக. எழுத்தில் ஓர் எச்சரிக்கை. நடந்ததை ஒன்றும் மறைக்காமல், கொண்டக்டர் கேட்ட கேள்வி உட்பட, ஆய்வறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று கட்டளை. பட்டம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. அந்த வருடம் முழுவதும் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குட்டையில் இறங்கிப் பார்த்தாள். மஞ்சள் மட்டும்தான் இருந்தது, செம்மஞ்சளைக் காணவில்லை. இப்போது உங்களில் பலர் அவளிடம்தான் வேலை பழகுகிறீர்கள். ஒரு மாணவர் ஆய்வுத் திட்டத்தை நீட்டும்போது அவள் முதலில் கேட்கும் கேள்வியையும் கேட்டிருப்பீர்கள்: "முடிஞ்ச பிறகு மீன என்ன பண்ணப் போறீங்க?" அது எந்தப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி என்று தேட வேண்டாம். அது என் மேசையிலிருந்து வந்திருக்க வேண்டிய கேள்வி. நான் அன்று போத்தலை மட்டும் வைத்துவிட்டுப் போனேன்.

மீன்கள்? நான் சத்தமாகக் கேட்டேன். ஓடைத் தண்ணீர் பட்ட மீன்கள் ஆய்வுகூடத்துப் பொதுத் தொட்டிகளுக்குப் போகக் கூடாது, தனியாக வைத்து ஆயுள் முடியும்வரை பார்த்துக்கொள்ள யாராவது பொறுப்பெடுத்தால் சரி என்றார்கள். பொறுப்பெடுத்தேன். தொட்டி என் அறைக்கு வந்தது, என் மேசைக்குப் பக்கத்தில். கண்ணாடி ஒலியெழுப்பியும் பழையபடி டீ கிளாஸாகி என்னிடம் திரும்பியது.

முதல் நாள் டீயைக் கலக்கினேன். பதினான்கும் கண்ணாடிச் சுவரில் வந்து மோதின, வாயைப் பிளந்தபடி. பாவமாக இருந்தது, தீனி போட்டேன். அரை மணி கழித்து இன்னொரு டீ. மறுபடி பதினான்கு. இப்படியே போனால் டீயால் எனக்கும் தீனியால் அவற்றுக்கும் ஆயுள் குறையும். ஆகவே கரண்டி கண்ணாடியில் படாமல் டீ கலக்கப் பழகினேன். சில வாரங்களில் நன்றாகவே பழகிவிட்டது. கற்றல் ஐயத்துக்கிடமின்றி நிகழ்ந்தது.

கடைசிச் சிவப்புச் செட்டை நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கிராம்பு எண்ணெய்ப் போத்தல் இன்னும் மூடி திறக்காமல் அலுவிகாரையில் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. காலையில் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கலக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"என்ன அது, கரண்டிய நடுவுல புடிச்சுக்கிட்டு? சீனி அப்படியே அடியில கெடக்கு. நல்லா கலக்குங்களேன்."

"மெதுவாத்தான் கலக்கணும்."

"ஏன், சத்தம் கேட்டா யாராச்சும் வந்துருவாங்களா?"

"வந்துட்டா?" என்பேன். "கையில தீனி இல்லியே."